கால் கயிறு

பாட்டும் ஆட்டமும் உள்ள படம் என்றால் பளீல் ஹாஜியார் டீவி இருக்கும் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். கண்டி டவுனில் மெத்தைக் கடை முதலாளி, கட்டுகஸ்தோட்டையில் மாடிவீடு, ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாக சபையில் உப தலைவர், மக்காவுக்குப் போய் வந்தவர். அப்பேர்ப்பட்ட மனிதர் கதாநாயகி மழையில் நனைவதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தால் ஊர் என்ன சொல்லும்? ஆனால் ராட்சத மிருகப் படம் வேறு. அதில் இருப்பது ஒரு மிருகம், கொஞ்சம் ஆமிக்காரர், இரண்டு ஹெலிகொப்டர். "அதில பாவம் கொறைவு" என்று தனக்குத்தானே ஒரு பத்வா கொடுத்துக்கொண்டு, கடலிலிருந்து எழும்பியது, காட்டிலிருந்து வந்தது, பனிக்குள் உறைந்து கிடந்தது என்று தமிழில் டப்பிங் செய்த அத்தனை மிருகங்களையும் அவர் பார்த்து முடித்திருந்தார்.

சும்மா பார்த்துவிட்டு எழும்பிப் போனால் பரவாயில்லை. அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பிடித்து அடைத்த மிருகம் எப்படியும் ஒரு கட்டத்தில் தப்பி ஓடுமே, ஓடாவிட்டால் படம் ஏது! சரியாக அந்த இடத்தில் ஹாஜியார் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்துவார். "இப்ப செல்லுங்க, இது யாருட பிழை?" என்பார். மனைவி சகீனா, மூத்த மகள் ஷஹ்மா, அவளுடைய புருசன் ரஸீன், கம்பஸில் படிக்கும் இளைய மகள் அம்னா, ஒவ்வொருவரும் ஒன்று சொல்லவேண்டும். எல்லாரும் சொல்லி முடித்தபிறகு தாடியைத் தடவிக்கொண்டு அவர் தீர்ப்புக் கூறுவார். அதற்குப் பிறகுதான் மிருகம் மேற்கொண்டு ஓடலாம்.

தீர்ப்பு என்னவோ எப்போதும் ஒன்றுதான். பிடித்துக்கொண்டு வந்த கோடீஸ்வரனை அவர் தொடமாட்டார். சோதனை செய்த டொக்டர்மாரையும் தொடமாட்டார். கூட்டுக்குப் பக்கத்தில் நின்ற காவல்காரன்தான் அகப்படுவான். "சாவி யாருட கையில ஈந்திச்சி? அவனுட பிழை. முடிஞ்சி!" என்று ரிமோட்டை அமத்துவார். ஊர் வழக்குகளிலும் அவருக்கு இதே கைதான். மதில் சரிந்தால் மேசன் பிழை, சீமெந்தில் மிச்சம் பிடித்த வீட்டுக்காரர் பிழை இல்லை. வேன் முட்டினால் டிரைவர் பிழை, பிரேக்கைத் திருத்தித் தராத முதலாளி பிழை இல்லை. மனிதர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். யாருக்காவது சுகமில்லை என்றால் முதலில் வாசலில் நிற்பது அவர்தான். பிழை என்று வந்தால் மட்டும் அவருடைய கண் கீழே பார்த்துப் பழகியிருந்தது.

போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஏழு குடும்பம் சேர்ந்து ஒரு மாடு குர்பான் கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். ஹாஜியாரின் வளவுதான் பெரியது, அதனால் மாடு அங்கே வந்தது. என்ன மாடு என்கிறீர்கள்! செம்மண் நிறத்தில், திமில் சரிய, மஹியங்கனைப் பக்கத்திலிருந்து லொறியில் வந்து இறங்கியபோது ஒழுங்கையில் இருந்த அத்தனை பேரும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். ஹாஜியாருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. "மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்" என்று மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

மாட்டை இறக்கிக் கட்டியது லோகநாதன். மஹய்யாவ லயத்து வீடுகளில் இருப்பவன். கடைத்தெருவில் நாட்டாமை வேலை, அதாவது சாமான் ஏற்றி இறக்கும் வேலை செய்கிறவன். மெத்தை, கண்ணாடி அலுமாரி, ஃபிரிட்ஜ் எதை லொறியிலிருந்து இறக்குவதானாலும் "லோகுவக் கூப்பிடு" என்பார்கள். மாட்டுப் பழக்கமும் இருந்ததால் ஹஜ்ஜு வந்தால் ஜமாஅத்தில் பாதிப்பேருக்கு அவன்தான் மாடு கட்டிக்கொடுப்பான். கூடவே அவன் வீட்டிலேயே இருக்கும் பெண்சாதியின் தம்பி கிருபாவும் வருவான். இருவருமாக மாட்டைப் பலாமரத்தோடு கழுத்துக் கயிற்றால் கட்டினார்கள். பின்னங்காலில் இன்னொரு கயிறு போட்டு, பின்னால் அடித்த முளையில் இழுத்துக் கட்டினார்கள்.

"மொதலாளி, இந்தக் கால் கயித்த மட்டும் யாரும் தொட்டுறாதீங்க" என்றான் லோகு. "கழுத்துக் கயிறு சும்மா பேருக்குத்தான். மாட்டப் புடிச்சு வச்சிருக்கிறது இதுதான். இது இருக்கும்வரைக்கும் அதால முன்னுக்குப் பாய முடியாது."

"எனக்கு மாடு தெரியாதா? நீ போ" என்று ஹாஜியார் சிரித்தார்.

பெருநாள் காலை லோகுவும் கிருபாவும் வந்து வைக்கோலும் தண்ணீரும் வைத்துவிட்டு, தேத்தண்ணீர் குடிக்கச் சந்திக்குப் போனார்கள். ஹாஜியார் குளித்து, புது வெள்ளை ஜுப்பா போட்டு, அத்தர் பூசி, தொழுகைக்குப் புறப்பட்டு நின்றார். அந்த நேரம் பார்த்துக் கட்டாரிலிருந்து மகன் ஹுஸைன் போன் எடுத்து, "வாப்பா, மாட்டோட நின்டு ஒரு போட்டோ அனுப்புங்களேன், கூட்டாளிமார் பாக்கணுமாம்" என்றான். கேட்கவும் வேண்டுமா! ஹாஜியார் போனை மதிலில் சாத்திவைத்து மாட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். படம் சரிவரவில்லை. கால் கயிறு பின்னால் இழுத்துப் பிடித்ததால் மாடு ஒரு பக்கம் சாய்ந்து, நொண்டி மாதிரித் தெரிந்தது. இவ்வளவு பெரிய மாடு நொண்டி மாதிரித் தெரிந்தால் மகனுடைய கூட்டாளிமார் என்ன நினைப்பார்கள்?

குனிந்து முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். மாடு காலை முன்னே வைத்துத் தலையைத் தூக்கி நின்றது, ராசா மாதிரி. படமும் அப்படியே வந்தது. மகனுக்கு அனுப்பிவிட்டு ஸ்டேட்டஸிலும் போட்டார். பள்ளிவாசலில் தக்பீர் கேட்கத் தொடங்கியது. அவசரமாகக் கயிற்றைத் திரும்பக் கட்டினார். கட்டினார் என்றா சொல்வது? கயிறெல்லாம் சாணி. வெள்ளை ஜுப்பாவில் பட்டுவிடுமே என்று இரண்டு விரல் நுனியால் பிடித்து, முளையில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை இடுக்கில் செருகிவிட்டுப் போனார். முன் வரிசையில் நின்று தொழுதார்.

தொழுகை முடிந்து சனம் கட்டிப்பிடித்து சலாம் சொல்லிக்கொண்டு வெளியே வர, மாடு ஒழுங்கையால் இறங்கி வந்தது. நடந்து இல்லை, பாய்ந்து. கழுத்தில் அறுந்த கயிறு, காலில் இழுபடும் கயிறு. பெண்கள் கத்திக்கொண்டு வீடுகளுக்குள் பாய்ந்தார்கள். மெயின் ரோட்டில் செவ்விளநீர் விற்கிற சிங்கள மனிதர் ஒருவர் வண்டியைக் காப்பாற்றப் பார்த்தார். வண்டியோடு சேர்த்து அவரையும் தள்ளிவிட்டு மாடு போனது. பஸ்கள் நின்றன. யாரோ வீடியோ எடுத்தார்கள். கடைசியில் மாடு ஆற்றங்கரையில் இறங்கி, மகாவலித் தண்ணீரில் நெஞ்சுவரை நின்றுகொண்டது.

சந்தியிலிருந்து ஓடிவந்த லோகு தண்ணீருக்குள் இறங்கினான். மற்றவர்கள் கரையில் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்ல, அவன் மட்டும் "தா, தா" என்று மெல்லக் கூப்பிட்டுக்கொண்டே போய்க் கழுத்தைப் பிடித்தான். மெல்ல நடத்திக் கரையேற்றினான். செவ்விளநீர்க்காரரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போயிருந்தார்கள். கை முறிந்துவிட்டது என்று செய்தி வந்தது.

பள்ளிவாசல் தலைவர் நிஸாம் ஹாஜியார் கொதித்துப்போய் நின்றார். பெருநாளும் அதுவுமாக மெயின் ரோட்டில் ஊர் சிரிக்க இப்படியா! "யாருடா மாட்டக் கட்டின?" என்றார்.

"நான்தாங்க" என்றான் லோகு.

மாட்டின் காலில் இழுபட்டுக் கிடந்த கயிற்றைத் தூக்கிப் பார்த்தான். கயிறு அறுந்திருக்கவில்லை, முழுசாக இருந்தது. தலையை நிமிர்த்தி ஒவ்வொருவராகப் பார்த்தான். அந்தப் பார்வை தன்னிடம் வரப்போகிறது என்று பளீல் ஹாஜியாருக்குத் தெரிந்தது. வருவதற்குள் அவரே வாயைத் திறந்தார்.

"பிழை எண்டதான். வேல தெரியாதவங்கள நம்பி மாட்டக் குடுத்தது எண்ட பிழை."

கேட்டீர்களா? பிழை என்னுடையது என்று சொல்லிக்கொண்டே அதைத் தூக்கி அடுத்தவன் தலையில் வைக்கிற வித்தையை! கூடி நின்றவர்களுக்கு அது விளங்கவில்லை. "ஹாஜியார், நீங்க ஏன் ஒங்கள செல்லிக்கொள்றீங்க?" என்று நாலுபேர் அவரைத் தேற்றினார்கள். லோகு கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

அன்று பின்னேரம் குர்பான் முடிந்தது, இறைச்சி பங்கானது. ஹாஜியார் ஸ்டேட்டஸில் போட்ட படத்தைப் போனிலிருந்தே அழித்தார். பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் செவ்விளநீர்க்காரரையும் பார்த்தார். அந்த மனிதர் பிளாஸ்டர் போட்ட கையோடு எழும்பி உட்கார்ந்து, "சத்தெக்குனே மஹத்தயா, ஊ தன்னவத" என்று சிங்களத்தில் இவருக்கே ஆறுதல் சொன்னார். மிருகம்தானே ஐயா, அதற்கு என்ன தெரியும் என்று. ஹாஜியாருக்குக் கொண்டுபோன தோடம்பழப் பையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

நிர்வாக சபை கூடி இனி லோகுவைக் குர்பான் வேலைக்குக் கூப்பிடுவதில்லை என்று முடிவெடுத்தது. அதோடு நின்றிருந்தால் வருசத்தில் ஒருநாள் வேலைதான் போயிருக்கும். ஆனால் கடைத்தெருவில் பாதிக் கடை நம்முடைய ஜமாஅத்துக்காரர்களுடையது. "மாட்ட ஒழுங்காக் கட்டத் தெரியாதவன்ட கையில கண்ணாடி அலுமாரியக் குடுக்கிறதா?" என்று ஒருவர் சொன்னார். பிறகு எல்லாரும் சொன்னார்கள். பெருநாள் முடிந்து கடை திறக்கப் போன ஹாஜியார் பார்க்கிறார், லோகு தோளில் துண்டோடு வழக்கமான மூலையில் நிற்கிறான். லொறி வருகிறது, வேறு ஆளைக் கூப்பிடுகிறார்கள். அவன் சுவரோரம் தள்ளி நின்று வழிவிடுகிறான். இவரைக் கண்டதும் நெஞ்சில் கைவைத்து, "மொதலாளி" என்றான், எப்போதும்போல. அதுதான் ஹாஜியாரைக் கொன்றது. முறைத்திருந்தால், திட்டியிருந்தால், திரும்பி நின்றிருந்தால் ஒரு சாக்காவது கிடைத்திருக்கும்.

அடுத்த நாளிலிருந்து தன் சொந்தக் கடைக்குப் பின்சந்தால் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கினார். இந்த வயதில், களவெடுத்தவன் மாதிரி! மீன் கடை நாற்றத்துக்குள்ளால் ஜுப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போகையில் தன்னைப் பார்த்துத் தனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் முன் தெருவால் போகக் கால் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷஹ்மாவும் ரஸீனும் குண்டசாலையிலிருந்து வந்திருந்தார்கள். ரஸீன் பேங்கில் வேலை, மாமாவின் ருசி தெரிந்தவன். "மாமா, புதுசு ஒண்டு கொண்டுவந்தீக்கிறேன். சரியான மிருகம்!" என்று பென் டிரைவைக் குத்தினான். வேண்டாம் என்று சொல்ல ஹாஜியாருக்கு ஒரு காரணமும் வாயில் வரவில்லை. வட்டிலாப்பம் வந்தது, எல்லாரும் சூழ உட்கார்ந்தார்கள்.

ஏரிக்கடியில் கிடந்த ஒரு மிருகம், முதலையும் உடும்பும் கலந்த மாதிரி. ஒரு கம்பனி முதலாளி அதைப் பிடித்துக்கொண்டுவந்து பெரிய தொட்டியில் அடைக்கிறான். உள்ளே ஒரு இரும்புக் கதவு, வெளியே ஒரு கண்ணாடிக் கதவு. பெரிய மனிதர்கள் பார்க்க வருகிற நாளில் இரும்புக் கதவு மறைக்கிறது, மிருகம் வடிவாகத் தெரியவில்லை. தூக்கு என்கிறான் முதலாளி. வேண்டாம் சேர் என்கிறான் காவல்காரன். முதலாளியே பொத்தானை அமத்திக் கதவைத் தூக்குகிறான், போட்டோ எடுக்கிறார்கள், கை தட்டுகிறார்கள். திரும்ப இறக்கும்போது கதவு அரைவாசியில் நின்றுவிடுகிறது. முதலாளி அதைக் கவனிக்காமல் பேச்சுக் கொடுக்கப் போய்விடுகிறான். காவல்காரன் அந்தப் பக்கம் வரமுந்தி மிருகம் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே பாய்கிறது.

ஹாஜியார் ரிமோட்டைத் தொடவில்லை. பழக்கதோசத்தில் அம்னாதான் எட்டி எடுத்துப் படத்தை நிறுத்தினாள். வாயைப் பிளந்த மிருகம் அப்படியே திரையில் நின்றது.

"செல்லுங்க, யாருட பிழை?" என்றாள் வாப்பாவின் குரலில். எல்லாரும் சிரித்தார்கள்.

"காவல்காரன்" என்றான் ரஸீன் உடனே. "முதலாளி எண்டா ஆயிரம் கேப்பான். அவன் கேட்டாலும் கதவு வடிவா மூடிச்சா எண்டு பாக்கிறது இவன்ட வேல."

"என்ன கதை இது மச்சான்?" என்று பாய்ந்தாள் அம்னா. "அவன் வேணாமெண்டு வாயால செல்றான். பொத்தான அமத்தினது யாரு? மூடாம போனது யாரு? போட்டோக்கு ஆசப்பட்டது யாரு?"

"பாவம், அந்த மிருகத்த அதுட பாட்டுல உட்டிருந்தா ஒண்டுமில்ல" என்றாள் ஷஹ்மா.

"சரி, சரி. வாப்பா செல்லட்டும்" என்றாள் அம்னா.

எல்லா முகமும் அவர் பக்கம் திரும்பியது. வட்டிலாப்பக் கோப்பை கையில் கனத்தது. இப்போது சொல்லலாம், அம்னா சொல்வதுதான் சரி என்று. அதற்கு என்ன செலவு? அது படம்தானே. ஆனால் முதலாளி பிழை என்று வாயால் சொன்னால் மேலே இன்னும் ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்தார்.

"காவல்காரன்ட பிழைதான்" என்றார். "அவன் திருப்பி வந்து பாத்தீக்கணும்."

"நான் செல்லல்லயா!" என்று ரஸீன் கை தட்டினான். "எங்கட லோகு மாதிரி."

அதுவரை ஒன்றும் பேசாமலிருந்த சகீனா முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு எழும்பிக் குசினிக்குள் போனாள். ஹாஜியார் ஒளுச் செய்யப் போவதாகச் சொல்லிக்கொண்டு பின்னாலேயே போனார். குழாயைத் திறந்தார். தண்ணீர் ஓடியதே தவிர, கைகால் எதையும் கழுவவில்லை.

"அந்தப் போட்டோவ ஏன் அழிச்சீங்க?" என்றாள் சகீனா, இவரைப் பார்க்காமலேயே.

அவர் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தார்.

"பெருநாள் அண்டு இந்த ஜன்னலுக்கிட்ட நின்டுதான் நான் தேங்காப்பால் புழிஞ்சேன். கால் கயித்த அவுத்ததையும் பாத்தேன். ரெண்டு வெரலால கட்டினதையும் பாத்தேன்."

"பாத்திட்டு ஏன் புள்ள செல்லல்ல?"

"நீங்க செல்லுவீங்கண்டு பாத்துக்கொண்டு ஈந்தேன்." அவள் குரல் உடைந்தது. "ஆத்தங்கரையில செல்லுவீங்கண்டு பாத்தேன். பள்ளியில செல்லுவீங்கண்டு பாத்தேன். இண்டைக்குப் படத்திலயாவது செல்லுவீங்கண்டு பாத்தேன். வெக்கமா ஈக்குதுங்க. ஒங்களுக்குச் சோறு போட எனக்கு வெக்கமா ஈக்குது."

முப்பத்தைந்து வருசக் குடித்தனத்தில் அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஹாஜியார் குழாயை மூடினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஜும்ஆவுக்குப் பொறகு செல்றேன். எல்லாருக்கும் முன்னால செல்றேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நிர்வாக சபை மேல்மாடியில் கம்பளத்தில் வட்டமாக உட்கார்ந்தது. ஹாஜியார் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நிஸாம் ஹாஜியார் ஸலவாத்துச் சொல்லி முடிக்கும்வரைகூட அவரால் பொறுக்க முடியவில்லை.

"மாடு ஓடினது எண்ட பிழை" என்றார்.

"அத அண்டைக்கே சென்னீங்களே ஹாஜியார்."

"அப்பிடியில்ல. கால் கயித்த அவுத்தது நான். போட்டோ எடுக்க அவுத்தேன். ஒழுங்காக் கட்டாம வந்தேன். லோகு ஒண்டும் செய்யல்ல."

ஹாஜியார் தலையைக் குனிந்து காத்திருந்தார். திட்டட்டும், பதவியைப் பிடுங்கட்டும், முகத்தில் காறித் துப்பட்டும். எதற்கும் தயாராகத்தான் இருந்தார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தால், நிஸாம் ஹாஜியாரின் கண்ணில் தண்ணீர்.

"பாத்தீங்களா?" என்றார் மற்றவர்களிடம். "ஒரு ஏழைக் குடும்பம் பட்டினி கெடக்கக்கூடாதெண்டு இந்த மனுசன் தண்ட தலையில பழியப் போட்டுக்கொள்றார். இந்தக் காலத்தில யாருக்கு இந்த மனசு வரும்?"

"இல்ல நிஸாம் ஹாஜியார், உண்மையா நான்தான்."

"சரி, சரி. நீங்க எங்களோட முன் வரிசையில நின்டு தொழுததை நாங்க பாக்கல்லயா?"

"அதுக்கு முந்தி, வீட்டில..."

"வேணாம். இன்னும் செல்லி ஒங்கட நன்மைய நீங்களே கொறைச்சிக்கொள்ள வேணாம்." நிஸாம் ஹாஜியார் எழும்பி வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். அவர் விட, அடுத்தவர் பிடித்தார். ஒருவர் இவருடைய கையை எடுத்து முத்தமிட்டார். சகீனா பார்த்ததைச் சொன்னார். மனைவியையும் இதற்குள் இழுக்கவேண்டுமா என்று அன்பாக வாயை அடைத்தார்கள். அந்தப் போட்டோ? அதைத்தான் அழித்துவிட்டாரே. கட்டாருக்குப் போன் எடுத்து மகனிடம் கேளுங்கள் என்றும் சொல்லிப்பார்த்தார். யாரும் கேட்பதாயில்லை. வாழ்நாளில் அவர் சொன்ன எத்தனையோ அரைகுறைக் கதைகளை வேதவாக்காக எடுத்துக்கொண்ட மனிதர்கள், முதல்முதலாக முழு உண்மை சொன்ன அன்று நம்பமாட்டேன் என்றார்கள்.

பளீல் ஹாஜியாரின் முகத்துக்காக லோகநாதனின் பிழையை மன்னிப்பது என்று சபை முடிவெடுத்தது. அவனுக்குப் போன் போட்டு வரச்சொன்னார்கள். வந்து பள்ளிவாசல் கேட்டுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நிஸாம் ஹாஜியார் அவனுடைய தோளில் கைவைத்தார்.

"நீ செஞ்ச பிழைய இவர் தான் செஞ்சதா ஏத்துக்கொள்றார். இப்பிடி ஒரு மொதலாளி ஒனக்கு எங்க கெடைக்கும்? நாளைக்கே கடைத்தெருவுக்கு வா, நான் எல்லாருக்கும் செல்றேன். இனியாவது கவனமாக் கட்டு."

"ரொம்ப நன்றிங்க" என்று லோகு கையெடுத்துக் கும்பிட்டான். முதலில் நிஸாம் ஹாஜியாரை, பிறகு பளீல் ஹாஜியாரை. அந்தக் கும்பிடு வந்து விழுந்தபோது ஹாஜியாருக்கு நின்ற இடத்திலேயே கரைந்துபோகவேண்டும் போலிருந்தது.

மற்றவர்கள் போனதும் லோகு பஸ் ஹோல்ட் பக்கம் நடந்தான். ஹாஜியார் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பிடித்தார். "லோகு, நில்லு."

அவன் நின்றான். சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "மொதலாளி, நீங்க உள்ளுக்குச் சொன்னது நெசமா?" என்று கேட்டான். அத்தனை பேரில் அதை ஒரு கேள்வியாகக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

"நெசம். அல்லாஹ் மேல ஆணையா நெசம். போட்டோ எடுக்க அவுத்தேன். சாணி படுமெண்டு ஒழுங்காக் கட்டல்ல."

ரோட்டில் ஆட்டோக்கள் போயின, வந்தன. அவனுடைய முகத்தில் கோபம் வரும் வரும் என்று ஹாஜியார் பார்த்துக்கொண்டே நின்றார். வந்தால் நிம்மதியாக இருக்கும். வரவில்லை. அந்த முகம் மெல்ல மெல்ல வேறு மாதிரி மாறியது; இத்தனை நாளாக ஹாஜியார் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாரே, அந்த முகமாக.

"நான் கட்டுன முடிச்சு தானா அவுறாதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்ங்க" என்றான். "யாரோ அவுத்திருக்காங்கன்னு கயித்தப் பாத்ததுமே வெளங்கிருச்சு. நீங்களா இருக்கும்னு எனக்கு எப்புடிங்க நெனப்பு வரும்? நம்ம கிருபாதான், தண்ணி காட்ட அவுத்துட்டு மறந்துட்டான்னு நெனச்சேன். இல்ல மாமா, நான் தொடவே இல்லன்னு அவன் அழுதான். நான் நம்பல. அன்னிக்குச் சாயங்காலமே மஹய்யாவயில, லயத்துச் சனம் எல்லாம் பாக்க, செருப்பக் கழட்டி அடிச்சேன். அவன் வேற வீட்டுக்குப் போயிட்டான். என் பொஞ்சாதி எனக்கிட்ட பேசுறதில்ல."

அவன் கையிலிருந்த செருப்பை அப்போதுதான் கவனித்தவன்போலக் கீழே போட்டுக் காலில் மாட்டினான். "இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்கிட்டப் போறது?"

ஹாஜியார் ஆற்றங்கரையில் தன் மேல் விழாமல் தள்ளிவிட்ட பழி எங்கே போய் விழுந்து கிடக்கிறது என்று இன்றுதான் பார்க்கிறார். "நானும் வாறேன் லோகு" என்றார். அவருடைய குரல் கெஞ்சியது. "இப்பவே வாறேன். நானே கிருபாட்ட செல்றேன், லயத்துச் சனம் எல்லாம் கேக்கச் செல்றேன்."

லோகு தலையை ஆட்டினான்.

"வேணாங்க மொதலாளி. நீங்க வந்து நின்னா அவன் அடிபட்டதெல்லாம் மறந்துட்டு எந்திரிச்சு, ஓடிப்போய் ஒங்களுக்கு ஒக்கார ஒரு கதிரை எடுத்துப் போடுவான். தொடச்சுப் போடுவான். அத என்னால பாக்க முடியாதுங்க."

பஸ் வந்தது. லோகு ஏறிப் போனான். ஹாஜியார் ரோட்டோரத்திலேயே நின்றார். அவன் சொன்னது சரிதான், கிருபா கட்டாயம் கதிரை போடுவான். போட்டால் தானும் பழக்கத்தில் அதில் உட்கார்ந்துவிடுவார் என்பதும் அவருக்குத் தெரிந்தது.